நாத்தனார் முடிச்சு

பெரியத்தை இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. திதிக்கு முன்னால் பத்திரிகையில் நினைவஞ்சலி போட்டுவிட வேண்டும் என்று அண்ணன் ஒரு படத்தைத் தயார் செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தார். வெள்ளைப் பின்னணியில் அத்தை தனியாக, மார்பளவில். முகத்தில் ஒரு கோடு இல்லை. நிறம் நன்றாக வெளுத்திருந்தது. இடது கன்னத்து மச்சம் காணாமல் போயிருந்தது, நெற்றியில் பொட்டும் இல்லை. கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியில் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். அது மச்சத்தையும் பொட்டையும் கறை என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் அழித்துவிட்டது. படத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "கடைப் பையன் கேக்குறான், பொட்டு திரும்ப வைக்கணுமா வேணாமா?"

அந்த ஒரு கேள்விக்கு இரவு முழுக்கப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. அக்கா, பொட்டு இல்லாமல் மூளியாக இருக்கிறது, வைக்கச் சொல் என்றார். அண்ணி, போகும்போது அத்தை நெற்றியில் திருநீறு மட்டும்தானே இருந்தது, இருந்தபடியே இருக்கட்டும் என்றார். வயதான உறவுக்காரர் ஒருவர், தாலி இழந்தவர் படத்துக்குப் பொட்டு வைப்பது முறையே இல்லை என்று நீளமாகக் குரல் பதிவு அனுப்பினார். யாரும் கோபத்தில் பேசவில்லை. எல்லாருக்கும் அத்தைமேல் அத்தனை பிரியம். அவர் பிள்ளை பெறவில்லை. நாங்கள் எல்லாருமே அவர் பிள்ளைகள்தான்.

எனக்குப் பொட்டைவிட வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்த படத்தில் அத்தை தனியாக இல்லை. கூட்டத்தின் நடுவே நின்றிருந்தார், கைகள் ஏதோ வேலையில் இருந்தன. அந்தக் கைகளையும் கூட்டத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துப் பளபளப்பாக்கி வைத்தால், அது யார்? நினைவஞ்சலிப் பக்கத்தைத் திருப்பாமல் அத்தை பேப்பரைக் கீழே வைத்ததில்லை. மலேசியாவின் தமிழ் நேசன் நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றுபோகும்வரை அதில்தான் பார்ப்பார், அப்புறம் கிடைத்த மற்றப் பத்திரிகைகளில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு, ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்க அவருக்கு எழுத்து அதிகம் தேவைப்படவில்லை. முகத்தைப் பார்த்தே, "இது நம்ம பழைய கங்காணி மக, கல்யாணமாகி ஈப்போ போச்சே" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் முகத்தை அவருடைய பழைய தோட்டத்து ஆட்களே அடையாளம் காண முடியாதபடி செய்துவிட்டோமே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டின்னில் இருந்தவை

அத்தையின் படங்கள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருந்தன. பினாங்கில், குயின் ஸ்திரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்த காலத்திலிருந்து இருக்கும் டின் அது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. ஜார்ஜ் டவுனில் அதுபோன்ற மாடிகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. நாங்களும் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடிக்குப் போனோம். 2008இல் அந்தத் தெருக்களெல்லாம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இப்போது எங்கள் பழைய வாசலில் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். வீடு மாறும்போது எத்தனையோ சாமான்களைத் தூக்கிப் போட்ட அத்தை, இந்த டின்னை மட்டும் லாரியில் ஏற்றவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்தார்.

அவர் தனியாக இருக்கும் படம் அதில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் அரசாங்கத்துக்காக எடுத்தது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவித்த பிறகு பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் படத்தோடும் கைரேகையோடும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று வந்தது. சுங்கை பட்டாணிக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், அந்த வயதைச் சரியாகத் தொட்டிருந்த அத்தை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையும் சின்னச் சாந்துப் பொட்டுமாகக் கேமராவைப் பார்த்து மிரண்டு நிற்கிறார். வெள்ளைக்காரத் துரையைத் தவிர யாரும் அதற்கு முன் தன்னை அப்படி நேராக உற்றுப் பார்த்ததில்லை என்று பின்னாளில் சொல்வார்.

மற்ற எல்லாப் படங்களிலும் அவர் யாரோடாவது இருக்கிறார். யாராவது ஒரு குழந்தை இடுப்பில். இல்லையென்றால் முகம் பாதி மறைந்து பின்வரிசையில். தைப்பூசத்துக்கு நகரத்தார் கோவில்வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் படம் ஒன்று உண்டு, அதில் அத்தையே இல்லை. ஆனாலும் அப்பா அதை அத்தையின் படம் என்றுதான் சொல்வார். மாரியம்மன் கோவில் பக்கத்துப் பூக்கடையில் அத்தை கட்டுபவராக இருந்தார். பூசத்துக்கு முந்திய இரவுகளில் தூங்காமல் கட்டிய சரங்களும் அந்த ரதத்தில் தொங்கின.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த ஒட்டும் ஆல்பங்கள், மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவோமே, அவைதான் நம் படங்களுக்குப் பெரிய எதிரி. அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளித்துப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் சேரும். வண்ணப்படங்களுக்கு வேறொரு வியாதி உண்டு. அந்தக் காலத்துத் தாள்களில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்கள். வெயிலே படாமல் டின்னுக்குள் இருட்டில் கிடந்தாலும் சயான் முதலில் வெளுத்துவிடும். மிச்சமிருப்பது செம்மையாக நிற்கும். எங்கள் வீட்டு எண்பதுகளில் எல்லாருமே சிவந்துதான் இருக்கிறார்கள், சுவரும் சேலையும்கூட. செயலி அத்தையின் குங்குமத்தைக் கறை என்று எண்ணியதற்கும் இந்தச் செம்மைதான் காரணமாக இருக்கும். பழைய படத்தைத் துடைத்து அழகாக்குவதில் தவறில்லை. அதற்கு முன் உள்ளதை உள்ளபடியே ஒருமுறை ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் யார் யார் என்று எழுதுங்கள், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

மாமா கப்பல் ஏறியது

டின்னில் இருந்ததிலேயே நல்ல ஸ்டூடியோ படம் 1970ஐச் சேர்ந்தது. பின்னால் தூணும் பூந்தொட்டியும் வரைந்த திரை. நாற்காலியில் அத்தை, பக்கத்தில் இரவல் கோட்டில் மாமா. அத்தை நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இரண்டு பிரதி எடுத்தார்கள். ஒன்று மாமாவோடு தமிழ்நாட்டுக்குப் போகும் ராஜூலா கப்பலில் ஏறியது.

அந்தக் கதை நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு பிடி இறுகியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் பல ஆண்டுகள் ரப்பர் மரம் சீவிய தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறினார்கள். மாமா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், சிவப்பு அட்டை. அத்தை இங்கேயே பிறந்தவர். தோட்டத்து எழுத்தரான கிராணி ஒருவர் பாரம் நிரப்பிக் கொடுத்ததால் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்திருந்தது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு நிறம். மாமா முன்னால் போய் வீடு வாசல் பார்த்து வைப்பது, அத்தை பின்னால் போவது என்று பேச்சு. ஆனால் பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார். கடைசித் தம்பி, எங்கள் சித்தப்பா, அப்போது பள்ளிக்கூடப் பையன். அவனை யாரிடம் விடுவது? அத்தை போகவில்லை. தம்பிகளை அழைத்துக்கொண்டு பினாங்குக்கு வந்தார், அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மாமாவிடமிருந்து கடிதங்கள் வந்தன. முதலில் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் தீபாவளிக்கு, பொங்கலுக்கு. அவர் திரும்பி வரவில்லை.

மாமா இறந்த செய்தி 1983இல் வந்தது என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கணக்கு. எனக்கே அது நினைவிருக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தபோது மாடிப்படியிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. அத்தை தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அப்பா துறைமுக உடுப்போடு ஒரு மூலையில் நின்றார். மறுநாள் காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டபோது நெற்றி வெறுமையாக இருந்தது. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை. அதன்பின் எடுத்த எந்தப் படத்திலும் திருநீறுதான்.

1982, தை

அண்ணன் முகத்தை வெட்டியெடுத்த படத்தை மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். சித்தப்பாவின் கல்யாணப் படம். 1982 தை மாதம், கோவில் மண்டபம். சித்தி குனிந்திருக்கிறார், நெற்றிச்சுட்டி நழுவி ஒரு பக்கம் தொங்குகிறது. சித்தப்பா முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கிறார். சித்திக்குப் பின்னால் நிற்பது அத்தை. மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் மிச்ச முடிச்சுகள் அவருடையவை. அவர் கட்டிய பூவே சித்தியின் ஜடை முழுக்க இருக்க, அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு விரல்கள் கழுத்துக்குப் பின்னால் வேலை செய்கின்றன. படக்காரர் "அக்கா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். முகத்தை மட்டும் நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். நெற்றியில் குங்குமம். இடது ஓரத்தில் அப்பா அட்சதை போடக் கையை ஓங்கியிருக்கிறார். யாரோ ஒருவருடைய முழங்கைக்குக் கீழே பாவாடையில் நான்.

அண்ணன் எடுத்தது அந்த நிமிர்ந்த முகத்தைத்தான். நேராகப் பார்க்கும் முகம் வேறு எந்தப் படத்திலும் சரியாகக் கிடைக்கவில்லை என்றார். நியாயம்தான். நான் அந்தப் படத்தின் நெகட்டிவ் கிடைத்தால் செம்மை இல்லாத ஒரு பிரதி போடலாம் என்று டின்னை அடிவரை கொட்டித் தேடினேன். நெகட்டிவ் இல்லை. மாமாவின் கடிதங்கள் பூக்கட்டும் நூலால் கட்டி ஒரு கட்டாக இருந்தன. அவற்றில் சேராமல், அத்தையின் பழைய அடையாள அட்டை வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த நீல ஏரோகிராம் ஒன்று இருந்தது. எழுதியவர் மாமாவின் தம்பி. "அண்ணிக்கு" என்று தொடங்கி, கார்த்திகையில் அண்ணன் காலமாகிவிட்டதையும், காய்ச்சலில் கிடந்தது பத்து நாள்தான் என்பதையும், தந்தி கொடுக்க முடியாமல் போனதையும் சிறிய எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தது. 1980 டிசம்பர்.

நான் முதலில் முத்திரையைத்தான் சந்தேகப்பட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள்ளே கடிதத்தின் தலைப்பிலும் அதே ஆண்டு. கடிதம் வழியில் தங்கித் தாமதமாக வந்திருக்குமா என்றும் நினைத்தேன். ஆனால் நூலால் கட்டிய அந்தக் கட்டிலிருந்த கடிதங்களோடு வைத்துப் பார்த்தபோது விளங்கிவிட்டது. 1981 பொங்கலிலிருந்து மாமாவின் தம்பி மேலும் இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். இரண்டாவதில், அண்ணி எழுதிய பதிலும் காரியத்துக்கு அனுப்பிய பணமும் வந்து சேர்ந்தன என்று இருக்கிறது. அத்தை அப்போதே பதில் எழுதியிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் அஞ்சலகம் போய்ப் பணம் அனுப்பியிருக்கிறார்.

கல்யாணப் படத்தையும் ஏரோகிராமையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். படத்தில் அந்த முடிச்சைப் போடும்போது மாமா இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அத்தைக்கு அது தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் பூக்கடைக்குப் போகும்முன் அந்தச் சின்னக் கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார். அதே அறையில் நாங்கள் ஆறு பேர் படுத்திருந்தோம். எங்கே அழுதிருப்பார்? குளியலறையிலா, ஈரச் சாக்கு வாடையடிக்கும் அந்தப் பூக்கடைக்குப் பின்னாலா? 1983இல் நான் பார்த்த அழுகையை இப்போது நினைத்தால் மேலெல்லாம் சிலிர்க்கிறது. அது நடிப்பில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் தொண்டையில் நிறுத்தி வைத்திருந்த அழுகை அது.

ஏன் மறைத்தார் என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 1981இல்தான் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். தாய் இல்லாத வீடு. தாய் ஸ்தானத்தில் நின்று தட்டு மாற்றி, ஆரத்தி எடுத்து, நாத்தனார் முடிச்சும் போடவேண்டியவர் அத்தை ஒருவர்தான். செய்தி வெளியே வந்திருந்தால் அவரைக் கூட்டத்தின் பின்னால் தள்ளியிருப்பார்கள். யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அவராகவே ஒதுங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தான் சோறூட்டி வளர்த்த பையன் தாலி கட்டுவதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்க வேண்டும். கணவனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்பதை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. அது இன்றும் நம் கல்யாணங்களில் நடக்கிறது, படித்தவர்கள் வீட்டில் நடக்கிறது. போன மாதம்கூட ஒரு மண்டபத்தில், மணப்பெண்ணை வளர்த்த பாட்டி தூணுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். யாராவது கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. யாரும் செய்யவில்லை, நான் போய் அழைத்ததும் அவரே மறுத்துவிட்டார்.

அதனால் அந்த இரவில் எனக்கு அத்தைமேல் பெருமை பொங்கிவிட்டது. படிக்காத ஒரு பெண், யாரிடமும் வாதாடாமல், ஒரு கடிதத்தை நாலாக மடித்து வைத்துவிட்டு, மண்டபத்தின் நடுவில் போய் நின்றுவிட்டார் என்று.

வெட்டாமல் போட்டது

அண்ணனிடம் கடிதத்தைக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "சித்திகிட்ட இதைச் சொல்லாதே" என்றார். சித்தப்பாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சித்திக்கு சகுனம், சாஸ்திரம் எல்லாவற்றிலும் நம்பிக்கை. இத்தனை வருடம் கழித்து எதற்கு ஒரு கலக்கம் என்றார். ஆனால் படத்தை வெட்டக்கூடாது என்பதில் என்னோடு ஒத்துக்கொண்டார். குங்குமம் அத்தையே வைத்தது. வைக்கலாமா என்று கேட்க நாம் யார் என்று அவர்தான் குழுவில் எழுதினார். பத்திரிகையில் அவ்வளவு பெரிய படத்துக்கு இடம் அதிகம் பிடிக்கும், பணமும் அதிகம். கொடுத்தார். பதிவு வாங்கிய பெண் தொலைபேசியில், இதில் இறந்தவங்க யாரு என்று கேட்டாராம். நடுவில் நிற்பவர் என்று சொல்லி, கீழேயும் அதையே போடச் செய்தார். உறவுக்காரர் சிலருக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்கள் நினைவஞ்சலிப் படத்தில் வரலாமா என்று கேட்டார்கள். சித்தப்பாவும் சித்தியும் பரவாயில்லை என்று சொன்ன பிறகு அடங்கினார்கள்.

படம் வந்த அன்று மாலை சித்தியே கூப்பிட்டார், வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னார். எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள். பாலம் இருந்தாலும் நான் ஃபெர்ரியில்தான் போனேன், கடிதம் பையில் இருந்தது. கொடுக்க வேண்டும் என்று எடுத்துப் போகவில்லை. வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சித்தி பேப்பரை மடியில் விரித்து வைத்திருந்தார். "இந்தப் படத்தைப் பாத்ததும் எனக்கு மனசு ஆறல பாப்பா. இவ்வளவு ஆசையா முடிச்சு போட்டவங்க, அப்புறம் ஏன் என்கிட்ட அப்படி இருந்தாங்க?" என்றார்.

எப்படி என்று கேட்டேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்த்தபோது, அத்தைதான் கோர்ப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்களாம். அத்தை கையில் துணிக் கட்டோடு வந்தார். பூக்கடையில் கத்தி பட்டுவிட்டது, விரல் மடங்கவில்லை என்று சொல்லிப் பக்கத்து வீட்டம்மாவைக் கோர்க்கச் சொன்னார். "மறுநாள் பாத்தா கட்டு இல்ல. பூ கட்டிக்கிட்டு இருக்காங்க. காயமே இல்ல." வளைகாப்பில் எல்லாரும் வளையல் போட வந்தபோது அத்தை அடுப்படியை விட்டு வரவில்லை. புளிசாதம் அடிபிடிக்கிறது, நீங்க போடுங்க என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் தொட்டிலில் போடவும் வரவில்லை. சித்தியின் வீடு வசதி குறைந்த வீடு. சீர் போதவில்லை என்று நாத்தனாருக்கு மனக்குறை, அதனால்தான் ஒதுங்குகிறார் என்று சித்தி முடிவு செய்துவிட்டார். "நாப்பது வருஷமா இதை உங்க சித்தப்பாகிட்டகூட நான் சொன்னதில்ல. அக்காவை மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா உள்ளுக்குள்ள இருந்துச்சு."

அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் மனதில் கட்டி வைத்திருந்த அத்தை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அவ்வளவு பேர் நடுவில் விலக வழியில்லை, விலகினால் கல்யாணமே கலங்கும். அங்கே நின்றுவிட்டார். விலக முடிந்த இடத்திலெல்லாம் விலகியிருக்கிறார். அவருக்குப் பயம் இருந்திருக்கிறது. தன் கை பட்டு இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்த ஒரு முடிச்சை மட்டும் போட்டுவிட்டு, அடுத்தடுத்து ஒவ்வொன்றிலும் தன்னைத் தள்ளி நிறுத்தி அந்தப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், அது வெறுப்பாகத் தெரியும் என்று தெரிந்தும். வழக்கத்தை மீறியவராகவே அவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் மீறவும் செய்திருக்கிறார், அதை நம்பவும் செய்திருக்கிறார். பிள்ளை பிறந்து தாயும் சேயும் நலம் என்று ஆன பிறகுதான், 1983இல், வாய் திறந்திருக்கிறார்.

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. பையிலிருந்து ஏரோகிராமை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். தேதியைப் பார்த்தார். விரலை விட்டு எண்ணினார். பேப்பரில் இருந்த படத்தைத் திரும்பப் பார்த்தார், தன் கழுத்துக்குப் பின்னால் இருந்த கைகளை. நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. சகுனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். "சொல்லியிருந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டி வந்து கோக்கச் சொல்லியிருப்பேனே." அப்படிச் செய்திருப்பாரா என்று தெரியாது, 1982இல் அவருக்கு வயது இருபத்தொன்று. ஆனால் இன்று அதை முழு மனதோடுதான் சொன்னார்.

காபி போட்டுக் குடித்தோம். சித்தப்பா எழுந்து வந்து, எதற்குக் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார். வெங்காயம் என்றார் சித்தி. அவரிடம் தானே சொல்லிக்கொள்வதாக என்னிடம் சாடை காட்டினார். கிளம்பும்போது கேட் வரை வந்து, இதையெல்லாம் எழுதப்போகிறாயா என்று கேட்டார். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் எழுதமாட்டேன் என்றேன்.

"எழுது. பேரெல்லாம் போடாதே, உங்க சித்தப்பாவுக்குப் பிடிக்காது. ஆனா எழுதினா எல்லாத்தையும் எழுது. கையில கட்டு போட்டுக்கிட்டு வந்ததையும் எழுது. நான் கோவிச்சுக்கிட்டு இருந்ததையும் விட்டுடாதே."